முத்துமாலைக்கு ஒரு கட்டில்

பிப்ரவரி 2, வியாழன்

காலையில் தனசிங் சார் போன் செய்தார். நீலமணி அறக்கட்டளையிலிருந்து பதில் வந்துவிட்டதாம். எங்கள் விண்ணப்பம் முதல் சுற்றைத் தாண்டிவிட்டது. பதினாறாம் தேதி சென்னையிலிருந்து ஒரு அதிகாரி நேரில் பார்க்க வருகிறார். எல்லாம் சரியாக இருந்தால் மூன்று வருடத்துக்கு நிதி.

"பெனினா, இது கெடைக்கலேன்னா ஏப்ரலோட கதவ சாத்திர வேண்டியதுதான்" என்றார். அவர் எதையும் கூட்டிச் சொல்கிறவர் இல்லை. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த இல்லத்தின் டிரஸ்ட்டுக்குச் செயலாளர். இரண்டு மாத வாடகையை அவர் கையிலிருந்து போட்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அவர் சொன்னதில்லை.

போனை வைத்துவிட்டு, வெளியாள் பார்க்கிற மாதிரி 'புதுக்கரை'யை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தேன். முத்தையாபுரத்தில், உப்பளத்துக்குப் போகிற ரோட்டின் மேல் ஒரு பழைய மாடி வீடு. குடியை விட வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு கட்டில். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை. மெத்தை உறைகள் எல்லாம் பழுப்பேறிக் கிடக்கின்றன. ஆலோசகர் என்று எனக்குப் பெயர். பாதி நாள் துவைக்கப் போடுவதும் அரிசி அளந்து கொடுப்பதும்தான் வேலை.

அறக்கட்டளைக்காரர்களுக்குப் பிடித்தது விண்ணப்பத்தோடு அனுப்பிய வீடியோவாம். முத்துமாலை பேசிய வீடியோ. பொங்கலுக்கு முந்தின வாரம் மொட்டைமாடியில் வைத்து நானே என் போனில் எடுத்தேன். ரோட்டில் உப்பு லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே போனதால் சத்தம் சரியாக விழவில்லை. திரும்பத் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. கடைசித் தடவைதான் நன்றாக வந்தது. அதில் அவர் உடைந்து அழுதுவிட்டார்.

முத்துமாலை உப்பளத்தில் வேலை பார்த்தவர். நான்கு வருடத்துக்கு முன்னால் இதே வீட்டுக்கு நோயாளியாக வந்தார். குடியை விட்டு, இங்கேயே பணியாளராகத் தங்கிவிட்டார். புதிதாக வருகிறவன் நான் சொல்வதை நம்பமாட்டான், அவர் சொன்னால் நம்புவான். பதினாறாம் தேதி அவர் அதிகாரி முன்னால் நேரில் பேச வேண்டும். சொன்னேன். "சரிக்கா" என்றார்.

பிப்ரவரி 4, சனி

புதிய ஆள் சேர்ந்திருக்கிறார். பரமார்த்தலிங்கம், டிராயிங் வாத்தியார். அவருடைய அண்ணன் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். மாற்றுத்துணி கிடையாது. போட்டிருந்த சட்டை முழுக்க வாந்தி. வீட்டுக்குப் போய் என் கணவர் ஜேக்கப்பின் சட்டைகள் இரண்டை எடுத்துவந்தேன். ஜேக்கப் மஞ்சள் காமாலையில் போய் ஐந்து வருடம் ஆகிறது. பீரோவில் சும்மாதானே கிடக்கின்றன.

மத்தியானம் வாத்தியாருக்கு நடுக்கம் கூடிவிட்டது. சுவர் முழுக்கப் பூச்சி ஊர்கிறது என்று கத்தினார். முத்துமாலை கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவரைத் தோளோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

"சார், பூச்சி அங்கனயே நிக்கட்டும். நீங்க என்னைய பாருங்க. நான் நெசம்லா?"

"நீ யாரு?"

"போன தடவ அந்த பூச்சியப் பாத்தவன்."

வாத்தியார் சிரித்துவிட்டார். அந்த நிலையிலும் சிரித்தார். இதைத்தான் வீடியோ எடுத்திருக்க வேண்டும்.

டாக்டர் வந்து ஊசி போட்டார். வாத்தியாருக்குக் கஞ்சி கொடுக்கும்போது முத்துமாலையின் கையில் டம்ளர் ஆடி, பாதி போர்வையில் சிந்தியது. சூடாக இருந்திருக்கும். இரண்டு நாளாகக் கிராம்பு மென்றுகொண்டே இருக்கிறார், பல்வலி என்கிறார். பல் டாக்டரிடம் போகச் சொன்னேன்.

பிப்ரவரி 6, திங்கள்

காலையில் பினாயில் வாங்க முத்துமாலையை அனுப்பினேன். சாப்பாட்டு நேரம் கழிந்துதான் வந்தார். பக்கத்துக் கடை பூட்டியிருந்ததாம், டவுனுக்குப் போனாராம். கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வைத்தாயிற்று. தண்ணீர்த் தொட்டி கழுவியாயிற்று.

சாயங்காலம் அவர் மனைவி சண்முகக்கனி போன் செய்தாள்.

"எக்கா, அவியளுக்கு இந்த வாரமும் நைட் டூட்டியா?"

நான் முத்துமாலைக்கு இரவு வேலை போட்டே ரொம்ப நாளாகிறது. ஆறு மணிக்கெல்லாம் அனுப்பிவிடுகிறேன்.

"ஆமா கனி. ஆபீசர் வாராங்கல்லா, வேல கூடுதலா இருக்கு" என்றேன்.

"சரிக்கா."

வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தாள். நானும் வைக்கவில்லை. பிறகு அவளே வைத்தாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் வேலை முடிந்து, இறந்துபோன தம்பியின் பிள்ளைகளைப் பார்க்கப் போயிருப்பார். அடிக்கடி போகிறவர்தான். வீட்டில் சொன்னால் சண்டை வருமென்று டூட்டி என்று சொல்லியிருப்பார். குடும்பத்துக்குள் நாம் ஏன் போவது?

பிப்ரவரி 8, புதன்

ஒத்திகை. தனசிங் சார் அதிகாரி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். முத்துமாலை எதிரே நின்று, உப்பளம், சாயங்காலக் குடி, வீட்டுச் சண்டை என்று ஆரம்பித்தார்.

"தம்பி விஷயத்த முதல்லயே கொண்டா" என்றார் சார்.

தம்பி விஷயம் என்பது இது. ஆறு வருடத்துக்கு முன்னால், நல்ல குடியில், தம்பி செல்லத்துரையைப் பின்னால் உட்காரவைத்து முத்துமாலை பைக் ஓட்டிப்போனார். எங்கள் இல்லத்துக்கு முன்னால் போகிற இதே ரோட்டில் உப்பு லாரி ஒன்றில் கொண்டுபோய் விட்டார். அவருக்குக் கையில் மட்டும் அடி. செல்லத்துரை அந்த இடத்திலேயே போய்விட்டான்.

முத்துமாலை ஓரடி முன்னால் வந்தார். "சார், இங்க வந்த பெறவு நடந்தத சொல்லட்டா? நான் எப்படி விட்டேன், இப்ப வாரவங்கள எப்படி பாத்துக்கிடுதோம், அத."

"அதுவும் சொல்லு. ஆனா அவங்க எத கேக்க வாராங்களோ அத முதல்ல சொல்லணும்லா?"

என்னைப் பார்த்தார். "ஒருதடவதான முத்துமாலை" என்றேன்.

பாத்ரூம் போய்விட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வர நேரமாயிற்று. வந்து, முழுதாகச் சொன்னார். நன்றாகச் சொன்னார், வீடியோவில் வந்ததைவிட நன்றாக. தனசிங் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிப்ரவரி 11, சனி

பரமார்த்தலிங்கம் வாத்தியார் தெளிந்துவிட்டார். பழைய காலண்டர் பின்பக்கத்தில் மற்ற நோயாளிகளை உட்காரவைத்து வரைந்துகொண்டிருக்கிறார். மாத்திரை கொடுக்கப் போனபோது, "மேடம், என்னைய வேற ரூமுக்கு மாத்திருங்களேன்" என்றார்.

"ஏன் சார், காத்து வரலையா?"

"அதில்ல." சுற்றிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முத்துமாலையண்ணன் பக்கத்துல வந்து நிக்கும்போது எனக்கு வாயி ஊறுது."

"சானிடைசர் போடுறாருல்லா, அது வாசனையா இருக்கும்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம். நான் பதினெட்டு வருசமா குடிக்கேன்."

கட்டிலை மாற்றிக் கொடுத்தேன். இன்று முழுக்கச் சானிடைசர் பாட்டில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஸ்டோர் ரூமில், பிரிக்காத அட்டைப்பெட்டியில் இருந்தது.

பதினாறு முடியட்டும். முடிந்ததும் முத்துமாலையை உட்காரவைத்துப் பேசுகிறேன். இடையில் சில நாள்தானே. இப்போது ஒன்று கேட்டு, அவர் மனது கலைந்து, எல்லாம் கெட்டுப்போனால் பன்னிரண்டு பேரை எங்கே அனுப்புவது?

பிப்ரவரி 13, திங்கள்

முத்துமாலை வரவில்லை. போன் அணைந்திருக்கிறது.

பத்து மணி வரை பார்த்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சண்முகக்கனி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பாவாடையை வாளியிலேயே போட்டுவிட்டாள்.

"அவிய அங்க இல்லையா?"

"இல்ல கனி."

"நேத்து ராத்திரி வரல. நைட் டூட்டின்னு நெனச்சேன்." என் முகத்தையே பார்த்தாள். "டூட்டி இருந்துதா, இல்லையா?"

நான் வாளியில் கிடந்த பாவாடையைப் பார்த்தேன். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்க்கா. பொங்கல்லருந்தே தெரியும். கண்ணு முன்னால வேற மாதிரி இருந்தாவ. ஆனா நீங்க டூட்டின்னு சொன்னதும், சரி, நமக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு, சந்தேகப்படுதோம்னு நெனச்சேன். நீங்களும் சேந்து பொய் சொன்னா நான் யார்ட்ட போயி கேக்க?"

உப்பளம் பக்கம் போய்ப் பார்த்தேன். லாரி நிற்கிற இடம், பஸ் ஸ்டாண்ட், மதுக்கடைக்குப் பின்னால் இருக்கிற பார். பாருக்குள் நான் எட்டிப் பார்த்தபோது உள்ளேயிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் இல்லை. இதை எழுதும்வரை தகவல் எதுவுமில்லை.

பிப்ரவரி 14, செவ்வாய்

காலையில் கேட்டைத் திறக்கப் போனேன். முத்துமாலை வெளியே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். காலில் செருப்பில்லை. சட்டை ஒரு பக்கம் கிழிந்திருந்தது.

எழுந்து நின்றார். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது.

"எக்கா, எனக்கு ஒரு கட்டில் போடுங்க."

உள்ளே கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துக் குடித்தார்.

"எப்பருந்து?"

"வீடியோ எடுத்த அன்னைக்கி. சாயங்காலம் இங்கருந்து நேரா போனேன்." மூச்சு விட்டுக்கொண்டார். "அது வர மனசுக்குள்ள அவன் ஒரு எடத்துல இருந்தான். அத்தன தடவ சொன்ன பெறவு எல்லா எடத்துலயும் இருக்கான். ஹாரன் சத்தம் கேட்டா போதும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நல்லா வந்திருக்குன்னு நீங்க சந்தோசமா இருந்தியக்கா."



தனசிங் சாருக்குச் சொன்னேன். அரைமணி நேரத்தில் வந்துவிட்டார். முத்துமாலையின் தலையில் கைவைத்துப் பார்த்தார். அப்புறம் என்னைத் தனியே கூப்பிட்டார். "வேற ஆஸ்பத்திரில ரெண்டு நாள் வைப்போம். செலவு என்னுது. பதினாறு முடிஞ்சதும் நானே போய்க் கூட்டிட்டு வாரேன். கெட்டது எதுவும் சொல்லலையே நான்?"

கெட்டதில்லைதான். நானும் சரியென்று ஆட்டோவுக்குப் போன் செய்துவிட்டேன். முத்துமாலையிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. "வழியில எறங்கிருவேன்கா" என்றார். "என்னைய எனக்குத் தெரியும். இந்த கேட்டு வரைக்குந்தான் வர முடிஞ்சுது."

ஆட்டோ வந்தது. காசைக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். ஜன்னலோரக் கட்டிலில் அவரைப் படுக்கவைத்தேன். கழுத்தில் கிடந்த பணியாளர் அட்டையை அவரே கழற்றி என் கையில் கொடுத்தார். தனசிங் சார் டீ குடிக்காமல் போய்விட்டார்.

மத்தியானம் சண்முகக்கனி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தாள். என்னிடம் பேசவில்லை.

பிப்ரவரி 15, புதன்

நடுக்கம் கடுமையாக இருக்கிறது. ஒருமுறை வலிப்பு வந்துவிட்டது. டாக்டர் இரண்டு தடவை வந்து பார்த்தார். பரமார்த்தலிங்கம் வாத்தியார், யாரும் சொல்லாமலேயே, முத்துமாலை பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் திரை கட்டலாமா என்று தனசிங் சார் கேட்டார். கட்டலாம் என்றேன். ஆனால் திரைத்துணியை நான் எடுக்கவே இல்லை.

பிப்ரவரி 16, வியாழன்

வந்தார்கள். அதிகாரி பெயர் வசுந்தரா. நாற்பது வயது இருக்கும், காட்டன் சேலைக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ. சமையலறையில் அரிசி டின்னைத் திறந்து பார்த்தார். டாக்டர் எந்தக் கிழமை வருவார், வலிப்பு வந்தால் எந்த ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போனவர்களை யார் போய்ப் பார்க்கிறார்கள் என்று கேட்டார். வேலை தெரிந்தவர். கேட்டவை எல்லாம் கேட்கவேண்டிய கேள்விகள்.

"வீடியோல பேசினவர் எங்க?"

"காய்ச்சல்ங்க. வீட்ல இருக்கார்" என்றார் தனசிங் சார், என்னைப் பார்க்காமல்.

வார்டுக்குள் நுழைந்தோம். ஒவ்வொரு கட்டிலாக நின்று பெயர் கேட்டுக்கொண்டே வந்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டார். முத்துமாலை கண்ணை மூடிப் படுத்திருந்தார். தாடை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வசுந்தரா குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து தனசிங் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார்.

அந்த நேரத்தில் யாராவது எதையாவது தட்டிவிட்டால்கூட நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

"இவர்தான் முத்துமாலை" என்றேன். "எங்க ஸ்டாஃப். ஒரு மாசமா மறுபடியும் குடிச்சிருக்கார். முந்தாநாள் அவரே வந்து கட்டில் கேட்டார். கொடுத்தோம்."

வசுந்தரா அடுத்த கட்டிலுக்குப் போய்ப் பெயர் கேட்டார்.

கிளம்பும்போது என்னை மட்டும் அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். "உங்க இடம் நல்லா நடக்குது. நான் அதை எழுதத்தான் போறேன். ஆனா எங்க கமிட்டி அந்த வீடியோவைப் பார்த்துத்தான் உங்களைத் தேர்ந்தெடுத்தாங்க. மே மாசம் ஆண்டு விழாவுல போடறதா இருக்காங்க. அவரையும் மேடைக்குக் கூப்பிடுவாங்க."

"தெரியும்."

"நான் இன்னிக்கு அந்த ஜன்னல் பக்கம் போகலைன்னு வெச்சுக்கலாம். மே மாசத்துக்குள்ள அவர் சரியாயிடுவார் இல்ல?"

"தெரியல மேடம்."

"உங்களுக்கு இந்தப் பணம் கிடைக்கணும்னுதான் சொல்றேன். திங்கட்கிழமை ரிப்போர்ட் அனுப்பணும். அதுக்குள்ள சொல்லுங்க."

மோசமான பெண்ணாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 18, சனி

தனசிங் சார் இரண்டு நாளாக ஒரே விஷயத்தைச் சொல்கிறார். "பொய் எதுவும் புதுசா சொல்லப் போறதில்லையே. வீடியோவுல அவன் சொன்னது அத்தனையும் நெசம். எடுத்த அன்னைக்கு அவன் குடிக்கல. பன்னெண்டு கட்டில் பெனினா. ஒரு ஆளுக்காகப் பன்னெண்டு கட்டில்."

அவர் சொல்வது தப்பென்று எனக்கு நிரூபிக்கத் தெரியவில்லை. நேற்று மாலை, 'நீங்கள் சொன்னபடியே செய்யலாம்' என்று வசுந்தராவுக்கு அனுப்ப எழுதிக்கூட வைத்துவிட்டேன். அனுப்பவில்லை. முகம் முத்துமாலையுடையது, என்னுடையது இல்லை.

இன்று அவர் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பணம், மே மாதம், மேடை, இல்லையென்றால் ஏப்ரலில் கதவைச் சாத்துவது. எதையும் மறைக்கவில்லை.

தட்டைக் கீழே வைத்தார்.

"அந்தப் படத்த பாத்துட்டு எவனாது ஒருத்தன், இந்த ஆளு மாதிரி நாமளும் ஆயிரலாம்னு இங்க வருவான். வந்து என்னைய பாப்பான். அவன்ட்ட நான் என்ன சொல்ல?"

"கதவைச் சாத்திட்டா அவன் வரவே முடியாதே முத்துமாலை."

இதைச் சொன்னது நான்தான். தனசிங் சார் அறையில்கூட இல்லை.

அவர் கண் கலங்கவில்லை. வீடியோவில் அழுத ஆளா இது என்றிருந்தது. "எக்கா, என் தம்பிய ஒருக்கா வித்தாச்சு. போதும். படத்தப் போடாண்டாம்னு சொல்லிருங்க."

பிப்ரவரி 20, திங்கள்

வசுந்தராவுக்குப் போன் செய்தேன். வீடியோவைப் பயன்படுத்த வேண்டாம், அவருக்குச் சம்மதமில்லை என்றேன்.

"அப்ப நான் பார்த்ததை எழுதணும்."

"எழுதுங்க மேடம்."

"கமிட்டி எப்படி எடுத்துக்கும்னு என்னால சொல்ல முடியாது."

"சரி."

போனில் இருந்த வீடியோவை அழித்தேன். லாரிச் சத்தம் விழுந்து வேண்டாமென்று விட்ட பழையவையும் இருந்தன. ஒவ்வொன்றாக அழித்தேன். எதையும் திறந்து பார்க்கவில்லை.

தனசிங் சார் என்னோடு பேசுவதில்லை. ஆனால் கரண்ட் பில் கட்டியிருக்கிறார்.

மார்ச் 1, புதன்

வீட்டு உரிமையாளர் ஒரு குடும்பத்தைக் கூட்டிவந்து மாடியைக் காட்டினார். அந்தப் பெண் ஜன்னலோரக் கட்டிலைப் பார்த்து, இங்கே பீரோ வைக்கலாம் என்றாள்.

மார்ச் 4, சனி

முத்துமாலை இன்று வீட்டுக்குப் போனார். பரமார்த்தலிங்கம் வாத்தியாரும் போனார், ஜேக்கப்பின் சட்டையோடு. பதில் இன்னும் வரவில்லை.

மார்ச் 9, வியாழன்

வந்துவிட்டது.

மூன்று வருடம் இல்லை, ஒரு வருடம். ஒரு வருடத்துக்கு வாடகை, டாக்டர், மருந்து, சாப்பாடு, நான்கு பேர் சம்பளம். தனசிங் சார் அலுவலகத்துக்கு வந்து, பல நாளைக்குப் பிறகு எதிரில் உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.

நிபந்தனை ஒன்று. குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற எவரையும் இல்லத்தில் சம்பளத்துக்கு வைக்கக் கூடாது. அண்மையில் நேர்ந்த நிகழ்வைக் கருத்தில் கொண்டு, நோயாளிகளின் பாதுகாப்புக்காக.

"நாம உண்மைய சொன்னதுக்கு இதா?" என்றேன்.

"நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்."

"என்கிட்ட கேக்காமலா?"

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ. உள்ள எட்டு பேர் படுத்திருக்கான் பெனினா." எழுந்து நின்றார். "அவன்ட்ட நான் போய்ச் சொல்லுதேன். நீ சங்கடப்படாண்டாம்."

"நானே சொல்றேன்" என்றேன்.

மார்ச் 11, சனி

முத்துமாலை வீட்டுக்குப் போனேன். திங்கட்கிழமை வேலைக்கு வருவதற்காகச் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டியிருந்தார். அந்தச் சட்டைக்குக் கீழே உட்கார்ந்துதான் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். "அப்ப பணம் வந்துட்டு" என்றார்.

"வந்துட்டு."

"டாக்டர் வருவாரு."

"வருவார்."

"சரிக்கா. நான் பழைய மொதலாளிட்ட கேட்டுப் பாக்கேன். இப்ப உப்பளத்துல ஆளு எடுக்குற நேரந்தான்."

சண்முகக்கனி அடுப்பிலிருந்து எழுந்து வந்தாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. "உங்களுக்கு வேணுங்கும்போது இவிய மொகம் வேணும், அழுக வேணும், செத்துப்போனவனும் வேணும். இப்ப ஆளு மட்டும் வேண்டாம். அப்படித்தான?"

"ஏட்டி, சும்மா இரி. எக்கா என்ன செய்வாவ?"

"அவியளும் சேந்துதான் செஞ்சாவ." என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கடிதாசில என்னதான் போட்டிருக்கு? அப்படியே சொல்லுங்க."

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். அடுப்புக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

வெளியே வரும்போது முத்துமாலை கேட் வரை வந்தார். "செவ்வாக்கிழம குடிய விட்டவங்க கூட்டத்துக்கு வரலாம்லாக்கா? நோயாளி வரக் கூடாதுன்னு எழுதலேல்லா?"

"எழுதல" என்றேன்.

மார்ச் 13, திங்கள்

ஒன்பது மணிக்கு அலுவலகத்துக்குள் சண்முகக்கனி வந்தாள். தலை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். தனசிங் சாரும் இருந்தார்.

"அந்த எடம் காலியாத்தான இருக்கு? ஆளு போட்டுட்டியளா?"

"இல்லம்மா, இனிமேத்தான்" என்றார் சார்.

"என்னைய போடுங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன்.

"குடிச்சவங்க வேலைக்கு வரக் கூடாதுன்னுதான போட்டிருக்கு? நான் ஒரு சொட்டு குடிச்சதில்ல. குடிச்சவங்க பொண்டாட்டி வரக் கூடாதுன்னு போடல." நிறுத்தி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு பேசினாள். "வாந்தி அள்ளியிருக்கேன். வலிப்பு வந்தா எப்படி ஒருச்சாய்ச்சுப் படுக்க வைக்கணும்னு தெரியும். எப்ப பொய் சொல்லுதாங்கன்னு தெரியும். உங்களுக்கு முந்தி எனக்குத்தான் தெரிஞ்சுது."

தனசிங் சார் கடிதத்தை எடுத்து இரண்டாம் பக்கத்தை வாசித்தார். மறுபடி முதலிலிருந்து வாசித்தார். அவர் உதட்டோரம் லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

"போடலதான்" என்றார்.

முத்துமாலைக்கு இது தெரியுமா என்று கேட்டேன். "அவியதான் பஸ் ஏத்தி விட்டாவ, மேடம்" என்றாள்.

மேடம். அக்கா இல்லை.

மார்ச் 20, திங்கள்

சண்முகக்கனிக்கு இன்று முதல் நாள். வந்ததும் அரிசி டின்னைச் சமையலறையின் இன்னொரு மூலைக்கு மாற்றினாள், அங்கே ஈரம் ஏறுகிறதாம். என்னிடம் வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசுகிறாள். மன்னித்துவிட்டாள் என்று நினைக்கவில்லை. அதை அவளிடம் கேட்கும் உத்தேசமும் எனக்கில்லை.

பதினொரு மணிக்கு ஒரு கார் வந்து நின்றது. துறைமுகத்தில் வேலை பார்க்கிற பையன், முப்பது வயதுகூட இருக்காது, நிற்க முடியாதவனை இரண்டு பேர் தாங்கிவந்தார்கள். பின்னால் அவன் மனைவி, இடுப்பில் குழந்தையோடு. பையனை உள்ளே படுக்கவைத்த பிறகும் அவள் கேட்டைத் தாண்டி வராமல் நின்றாள்.

நான் போவதற்குள் சண்முகக்கனி போய்விட்டாள்.

"எக்கா, இங்க சேத்தா சரியாயிரும்னு சொன்னாங்க. இவிய கொணமாயிருவாவல்லா?" அந்தப் பெண் கேட்டாள்.

நான் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. எங்கள் துண்டறிக்கையிலும் 'நிச்சயம் குணமாகும்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. வாய் வரை வந்துவிட்டது.

சண்முகக்கனி குழந்தையைக் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"தெரியாதும்மா" என்றாள். "நீ உள்ள வா. நீ எப்ப சாப்பிட்ட?"